அறியப்பட்ட சைகை

ஹனஃபீ மத்ஹபின் சட்ட நூல்களுள் தலைசிறந்த ஒன்று ‘ஹிதாயா’. ஃபர்கானாவின் மர்கீனான் நகரத்து இமாம் புர்ஹானுத்தீன் (ரஹ்) அவர்கள் இயற்றியது. அவர்கள் மறைந்தது ஹிஜ்ரீ 593, கி.பி. 1197. அஃலா ஹஸ்ரத் ஷாஹ் அப்துல் வஹ்ஹாப் (ரஹ்) அவர்கள் 19-ஆம் நூற்றாண்டில் வேலூரில் நிறுவிய பாக்கியாத்துஸ் ஸாலிஹாத் முதலாக நம் அரபிக் கல்லூரிகள் பலவற்றிலும் ஓதப்பட்டு வரும் நூல். தூய்மையில் தொடங்கித் தொழுகை, ஜகாத், திருமணம், வணிகம், வழக்கு என்று விரிந்து செல்லும் அப்பெருநூல் எதில் முடிகிறது என்று கேட்டால், ஓதியவர்களிலும் பலர் சற்றுத் தயங்குவார்கள். பாடம் அங்கே சென்று சேரும்போது ஆண்டிறுதி நெருங்கிவிடும்; உஸ்தாதுக்கும் அவசரம், மாணவருக்கும் அவசரம். அந்தக் கடைசிப் பக்கங்களில் இருப்பவை வாய் பேசாதவரைப் பற்றிய மஸ்அலாக்கள்.

அங்கே கூறப்படுவதன் சாரம் இது. பேச இயலாதவர் தம் கருத்தை எழுத்தாலோ சைகையாலோ தெரிவித்தால், திருமணம், மணவிலக்கு, வாங்கல் விற்றல் ஆகியவற்றில் அது நாவால் சொன்னதற்கு ஒப்பாகும். ‘ஹத்து’ எனப்படும் தண்டனைகளில் மட்டும் ஆகாது; ஐயத்துக்கு இடமிருந்தால் அத்தண்டனைகள் விலகிவிடும் என்பதே காரணம். பிறவியிலேயே பேசாதவர் ஒரு வகை. நோயினால் நேற்று நா கட்டுண்டவர் வேறொரு வகை. பின்னவரின் சைகை ஏற்கப்படாது. ஏனெனில் அவருடைய கையசைவு இன்னும் எவருக்கும் பழக்கமாகவில்லை. அந்நிலை நீடித்து, அவருடைய சைகைகளும் பிறர் அறிந்தவையாகிவிட்டால், அவரும் முன்னவரைப் போன்றவரே. உதுமானியப் பேரரசில் 1869-க்கும் 1876-க்கும் இடையே தொகுக்கப்பட்ட ‘மஜல்லா’ என்னும் சட்டத் தொகுப்பு இக்கருத்தைத் தன் 70-ஆம் விதியாக வைத்தது. வெறுமனே ‘சைகை’ என்று சொல்லி நிற்காமல் ‘மஅஹூதா’, அதாவது அறியப்பட்ட, வழக்கில் வந்த சைகை என்று அடைமொழி கொடுத்தது.

ஷாஃபிஈ மத்ஹபின் அறிஞர்கள் இன்னும் ஒரு படி நுணுகிச் சென்றார்கள். பேசாதவரின் சைகை எல்லோருக்கும் விளங்குமானால் அது ‘ஸரீஹ்’, வெளிப்படைச் சொல்லுக்கு நிகர். கூர்மையான அறிவுடைய சிலருக்கு மட்டுமே விளங்குமானால் அது ‘கினாயா’, மறைமுகச் சொல்லுக்கு நிகர். இதனை ஓதிய நாளில் நுட்பமான பாகுபாடு என்று வியந்ததோடு நின்றோம். இப்போது எண்ணிப் பார்க்கையில் அதன் ஆழம் புலனாகின்றது. ஒரே கை, ஒரே அசைவு; அது வெளிப்படையா மறைபொருளா என்பதைத் தீர்மானிப்பது எதிரே இருப்பவர்களின் அறிவு! அறியப்பட்ட சைகை என்றால் யாரால் அறியப்பட்டது? பெற்றவர்களாலா, தெருவாராலா, ஜமாஅத்தாராலா? சைகையை அறியப்பட்டதாக ஆக்கும் பொறுப்பு யாருடையது? காது கேளாக் குழந்தைகளுக்குக் கூடிப் பழகக் கற்பித்தல் என்னும் பொருளை இந்தக் கேள்வியிலிருந்தே தொடங்க வேண்டும் என்பது என் கருத்து.

கல்வியாளர்கள் இன்று ‘சமூகத் திறன்கள்’ என்கிறார்கள். நம் வீடுகளில் அதனை ‘அதபு’ என்றும் ‘பழக்க வழக்கம்’ என்றும் சொல்வார்கள். எப்போது பேசுவது, எப்போது காத்திருப்பது, எதிரே இருப்பவரின் முகம் வாடியிருக்கிறதா மலர்ந்திருக்கிறதா என்று காண்பது, சினத்தை அடக்குவது, பொருளைக் கேட்டு வாங்குவது, தவறினால் வருத்தம் தெரிவிப்பது. திருவள்ளுவர் ‘குறிப்பறிதல்’ என்று ஓர் அதிகாரம் பாடியதோடு அமையாமல் அதே தலைப்பில் இரண்டாவது அதிகாரமும் பாடினார். ஒன்று 71-ஆவது, மற்றது 110-ஆவது. அவைக்கும் அது வேண்டும், அகத்துக்கும் அது வேண்டும்.

சொல்லின் துணையின்றிக் கருத்தைத் தெரிவிப்பதை நம் முன்னோர் தாழ்வாகக் கருதவில்லை. ஹிஜ்ரீ 255-இல் மறைந்த பஸ்ராவின் பேரறிஞர் அல்-ஜாஹிழ், ‘அல்-பயான் வத் தப்யீன்’ என்னும் நூலில், கருத்தை வெளியிடும் வழிகள் ஐந்து என்று வகுக்கிறார்: சொல், சைகை, விரல்களை மடக்கிக் கணக்கிடும் ‘அக்து’, எழுத்து, பிறகு பொருளின் நிலையே பேசுகின்ற ‘ஹால்’. இவற்றுள் சைகைக்குச் சொல்லை அடுத்த இடம். ‘அக்து’ என்றால் என்னவென்று அறிய நூலைப் புரட்ட வேண்டியதில்லை. செவ்வாய்க்கிழமை வேலூருக்கு அருகிலுள்ள பொய்கை மாட்டுச் சந்தைக்குப் போனால் போதும். துண்டுக்குள் கைகளை மறைத்து, விரலைப் பிடித்தும் மடக்கியும் தரகர்கள் விலை பேசுவார்கள். சுற்றி நிற்கும் நூறு பேருக்குத் தெரியாமல் இருவருக்குள் வியாபாரம் முடிந்துவிடும். நன்றாகக் காது கேட்பவர்களே இந்த மொழியை விரும்பிப் பயன்படுத்துகிறார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும்.

இனி, காது கேளாமைக்கும் மொழியின்மைக்கும் உள்ள வேறுபாட்டைப் பார்ப்போம். நீஷாப்பூரில் அபுல் அப்பாஸ் முஹம்மது இப்னு யஃகூப் (ரஹ்) என்னும் ஹதீஸ் கலை வல்லார் ஒருவர் இருந்தார். ‘அல்-அஸம்மு’, செவிடர், என்பதே அவருடைய பட்டப்பெயர். ஹிஜ்ரீ 247-இல் பிறந்து 346-இல் மறைந்தார். கல்வி தேடிப் பல நாடுகள் சுற்றி ஊர் திரும்பிய பின்னர் செவி மந்தமாயிற்று. பின்னர் கழுதை கத்தினாலும் கேளாத அளவுக்கு முற்றிற்று. ஆயினும் நீண்ட ஆயுள் முழுவதும் ஹதீஸ் போதித்தார். தம் பள்ளிவாசலில் பல்லாண்டு பாங்கும் சொன்னார். இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்களின் ‘முஸ்னத்’ இன்று நம் கைகளில் இருப்பது இச்செவிடரின் வழியாகத்தான். செவி அடைபடும் முன்னரே மொழி உள்ளே புகுந்துவிட்டது. ஆதலால் அறிவுக்கும் உறவுக்கும் குறைவில்லை.

இதற்கு எதிரான காட்சியை அக்பர் பாதுஷாவின் வரலாற்றில் காண்கிறோம். யாருடைய பேச்சையும் கேளாமல் வளரும் குழந்தை இயற்கையாக எம்மொழி பேசும், எச்சமயத்தை நாடும் என்று அறிய அவர் விரும்பினார். ஊரிலிருந்து தொலைவில் ஒரு வீடு கட்டப்பட்டது. பால் குடிக்கும் குழந்தைகள் அங்கே வைக்கப்பட்டார்கள். ஏறத்தாழ 20 குழந்தைகள் என்றும், தாய்மாருக்குப் பணம் கொடுத்து வாங்கப்பட்டவர்கள் என்றும் பதாயூனீ எழுதுகிறார். செவிலியருக்கும் காவலருக்கும் கட்டளை ஒன்றே: வாய் திறக்கக் கூடாது. மக்கள் அவ்வீட்டுக்குக் ‘குங் மஹல்’, ஊமையர் மாளிகை என்று பெயரிட்டார்கள். 1582-இல் அக்பர் நேரில் சென்று பார்த்ததை அபுல் ஃபழ்ல் குறித்து வைத்திருக்கிறார். ஊமையர் எழுப்பும் ஒலியன்றி வேறெதுவும் அங்கே கேட்கவில்லை. சில குழந்தைகள் இறந்துபோயின என்று பதாயூனீ சேர்த்துச் சொல்கிறார்.

அக்குழந்தைகளின் செவியில் எந்தப் பழுதும் இல்லை. நாவிலும் பழுதில்லை. உணவும் உடையும் அரண்மனைச் செலவில் கிடைத்தன. இல்லாதது ஒன்றுதான்: அவர்களை நோக்கியும் அவர்கள் முன்னிலையிலும் எவரும் பேசவில்லை. வரலாற்றில் கொடுமை என்று நாம் படிக்கும் இந்த நிலை, அன்பு நிறைந்த வீடுகளிலும், எவருடைய கட்டளையும் இல்லாமலேயே, நேர்ந்துவிடக் கூடும்.

2019-இல் மூன்றாகப் பிரிக்கப்பட்ட பழைய வேலூர் மாவட்டத்தின் தோல் தொழில் ஊர்களை எண்ணிப் பாருங்கள். மேல்விஷாரம், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி. நம் குடும்பங்கள் பலவற்றில் வீட்டில் உருது. கடைவீதியிலும் டேனரியிலும் தமிழ். மக்தபில் அரபி எழுத்து. பள்ளிக்கூடத்தில் ஆங்கிலமும் சேரும். காது கேட்கும் பிள்ளைக்கு இது வரம். நான்கு மொழிகளையும் விளையாட்டாகப் பிடித்துக்கொள்ளும். காது கேளாப் பிள்ளைக்கோ, உதட்டைப் பார்த்து அறிய வேண்டிய சொற்கள் நான்கு மடங்காகின்றன. உதட்டைப் பார்ப்பதே எளிதன்று. ‘பாடு’ என்றாலும் ‘மாடு’ என்றாலும் உதடு ஒரே மாதிரிதான் ஒட்டிப் பிரிகிறது. ‘படி’க்கும் ‘மடி’க்கும் கண்ணுக்கு வேறுபாடில்லை. தொண்டையில் பிறக்கும் எழுத்துகள் உதட்டுக்கு வருவதே இல்லை. தாய் உருதுவில் அழைக்க, பள்ளி ஆசிரியை தமிழில் பழக்க, குழந்தை இரண்டுக்கும் நடுவே விழித்து நிற்கும்.

இரவு உணவுக்கு தஸ்தர்கான் விரித்துப் பத்துப் பேர் அமர்கிறார்கள். தகப்பனார் அன்று ஷூ கம்பெனியில் நடந்ததைச் சொல்கிறார், பெரியம்மா சம்பந்தி வீட்டுச் செய்தியைச் சொல்கிறார், எல்லோரும் சிரிக்கிறார்கள். காது கேளாச் சிறுவன் பக்கத்திலிருப்பவரின் கையைத் தொட்டு, என்ன என்று முகத்தால் கேட்கிறான். ‘அப்புறம் சொல்கிறேன்’ என்று ஒரு கையசைப்பு. அந்த ‘அப்புறம்’ வருவதே இல்லை. இதே அனுபவத்தை உலகின் பல நாடுகளிலும் காது கேளாதோர் எழுதி வைத்திருக்கிறார்கள். உணவு மேசை நோய் என்றே அதற்கு ஒரு பெயரும் வழங்குகிறது. செவிடருக்கும் வாய் பேசாதவருக்கும் உணர்த்துவதையும் தர்மங்களில் ஒன்றாக அண்ணல் நபி (ஸல்) அவர்கள் எண்ணியதாக அபூதர் (ரலி) அவர்கள் வழியாக வரும் ஓர் அறிவிப்பு ‘முஸ்னத் அஹ்மத்’ தொகுப்பில் உள்ளது. அதில் உள்ள அளவுகோல், அவர் விளங்கிக்கொள்ளும் வரை என்பது.

மனிதன் தன் பழக்க வழக்கங்களில் எவ்வளவைப் பாடமாகக் கற்றான், எவ்வளவை ஒட்டுக் கேட்டுக் கற்றான் என்று கணக்கிட்டால் வியப்பே மிஞ்சும். விருந்தாளியிடம் சம்பளத்தைக் கேட்கக் கூடாது என்று எவரும் நம்மை உட்கார வைத்துக் கற்பிக்கவில்லை. அண்ணன் கேட்டான், விருந்தாளி போன பின் தாய் கடிந்தாள், அடுத்த அறையில் இருந்த நாம் கற்றுக்கொண்டோம். அறைக்குள் நுழையுமுன் அனுமதி கேட்பது, இரவல் வாங்கியதைத் திருப்புவது, பெரியவர் பேசும்போது குறுக்கிடாமல் இருப்பது, கேலிக்கும் பகைக்கும் வேறுபாடு காண்பது யாவும் இவ்வாறே. காது கேளாக் குழந்தைக்கு அடுத்த அறை என்பதே கிடையாது. அவன் தள்ளினால் முரடன் என்கிறோம். பிறர் பொருளை எடுத்தால் திருடன் என்கிறோம். முறை காத்து நிற்காவிட்டால் அடங்காதவன் என்கிறோம். முறை என்று ஒன்று உண்டு என்பதை அவனுக்கு எவர் சொன்னார்?

நான் அறிந்த ஒரு வீட்டில் பாட்டி மௌத்தானபோது ஏழு வயதுப் பேரன் கூட்டத்தைப் பார்த்துக் கல்யாணம் என்று எண்ணிக் குதித்துக்கொண்டிருந்தான். ஒருவர் கன்னத்தில் அறைந்தார். ஜனாஸா தூக்கிச் செல்லப்பட்டது. பின்னர் பல நாள்கள் அவன் மாலையானதும் வாசற்படியில் வந்து அமர்ந்து தெருவையே பார்த்துக்கொண்டிருந்தான். பாட்டி போன வழியைத்தான் பார்த்தான். இறப்பு என்னும் சொல் அவனிடம் இல்லை. அதற்கான சைகையும் அவ்வீட்டில் இல்லை.

(பண்பு செவியில் இல்லை என்பதற்கு வேறொரு அஸம்மின் கதையும் உண்டு. பல்கு நகரத்து ஞானி ஹாத்திம் (ரஹ்) அவர்களிடம் ஒரு பெண்மணி சட்டம் கேட்க வந்த இடத்தில், அடக்க முடியாமல் ஓர் ஒலி வெளிப்பட்டு நாணிக் குறுகினாளாம். அவரோ, உரக்கப் பேசுங்கள், எனக்குக் காது கேளாது என்றாராம். அன்று முதல் அவர் ஹாத்திமுல் அஸம்மு. கேட்கும் செவி உடையவர் பிறர் மானம் காக்கச் செவிடரானார் என்று இறைநேசர் வரலாறுகள் பாராட்டுகின்றன.)

காது கேளாதோர் ஒன்றாக வாழ்ந்தால் மொழியும் நயமும் தாமே தழைக்கும் என்பதற்கு உதுமானிய அரண்மனை நல்ல சான்று. 15, 16-ஆம் நூற்றாண்டுகளிலேயே இஸ்தான்பூலில் சுல்தானின் பணியாளராகப் பேசாதவர் பலர் இருந்தனர். ‘தில்ஸிஸ்’, நாவற்றோர் என்று பெயர். மூத்தவர் இளையவருக்குச் சைகை மொழியை முறையாகப் பயிற்றினர். சுல்தான் முன்னிலையில் வாய் திறந்து பேசுவது மரியாதைக் குறைவு என்று கருதப்பட்டதால், காது கேட்கும் பணியாளரும் அம்மொழியைக் கற்றனர். கட்டளைகளோடு நில்லாமல் கதைகளையும் அதில் சொல்லினர் என்று ஐரோப்பியப் பயணிகள் வியந்து எழுதியிருக்கிறார்கள். அரசவை நாகரிகத்தின் உச்சியில் கைமொழி வீற்றிருந்தது! அவர்களுக்குத் தனிச் சமூகத் திறன் பாடம் தேவைப்பட்டிருக்காது. சுற்றியிருந்த அனைவரும் அவர்களுடைய மொழியை அறிந்திருந்தார்கள்.

ஐரோப்பாவில் 1760-ஐ ஒட்டிப் பாரிஸில் பாதிரியார் தெ லெப்பே சைகையைக் கொண்டு கற்பிக்கும் பள்ளியைத் தொடங்கினார். 1817-இல் அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டில் அம்மரபில் ஒரு பள்ளி எழுந்தது. ஆனால் 1880-இல் இத்தாலியின் மிலான் நகரில் கூடிய ஆசிரியர் மாநாடு, வாய்ப்பேச்சுப் பயிற்சியே உயர்ந்தது, சைகை விலக்கத்தக்கது என்று தீர்மானித்தது. கூடியவர்களில் மிகப் பெரும்பாலோர் காது கேட்பவர்கள். அதன் பின்னர் பல நாடுகளின் பள்ளிகளில் குழந்தைகளின் கைகளைக் கட்டிவைக்கும் அளவுக்கும் சென்றார்கள். 130 ஆண்டுகள் கழித்து, 2010-இல் கனடாவின் வான்கூவரில் கூடிய அதே மரபின் மாநாடு அத்தீர்மானங்களைத் தள்ளி வருத்தம் தெரிவித்தது.

நம் நாட்டில் பள்ளிகள் தோன்றியது மிலான் காற்று வீசிய காலத்தில்தான். 1880-களில் பம்பாய், 1893-இல் கல்கத்தா, அதே பத்தாண்டில் தமிழகத்தின் பாளையங்கோட்டை. பாளையங்கோட்டையில் தொடங்கியவர் ஃப்ளாரன்ஸ் ஸ்வைன்சன் என்னும் ஆங்கிலப் பெண்மணி. அந்தப்புரங்களுக்குச் சென்று பெண்களுக்குக் கல்வி தந்த மிஷனைச் சேர்ந்தவர். நம் மேலப்பாளையத்துக்கு அண்மையிலேயே ஒரு நூற்றாண்டுக்கு மேலாக அவர் பெயரால் காது கேளாதோர் பள்ளி இருந்து வருகிறது. சென்னையில் 1969-இல் தோன்றிய பால வித்யாலயா, கைக்குழந்தைப் பருவத்திலேயே காதொலிக் கருவியுடன் தாயையும் வகுப்பில் அமர்த்திப் பேச்சைப் பயிற்றி, பின்னர் பொதுப் பள்ளிகளுக்கு அனுப்பி வைக்கும் வழியை வகுத்தது. தாயையும் மாணவியாக்கியது என்பதே அதன் சிறப்பு என்பேன். 1983-இல் பம்பாயில் தொடங்கப்பட்ட தேசிய நிறுவனத்துக்கு அலீ யாவர் ஜங் அவர்களின் பெயர் சூட்டப்பட்டது.

வாயா கையா என்னும் வழக்கு இரு நூற்றாண்டுகளாக நடந்தது. இரு கட்சியினரும் எத்தனை சொற்கள் கற்றான், எவ்வளவு தெளிவாக உச்சரித்தான் என்று அளந்தார்கள். அவனுக்கு ஒரு நண்பன் உண்டா என்று அளந்தவர் மிகச் சிலர்.

ஆஸ்திரேலியாவில் கேண்டிடா பீட்டர்சன், மைக்கேல் சீகல் என்னும் இருவர் 1995-இல் வெளியிட்ட ஆய்வு இவ்வகையில் கண் திறப்பது. அவர்கள் கையாண்ட கேள்வியை நம் ஊர்ப் பொருளைக் கொண்டு சொல்கிறேன். அஹ்மது பேரீச்சம் பழத்தைக் கூடையில் வைத்துவிட்டு வெளியே போகிறான். அவன் இல்லாதபோது தம்பி அதனைப் பெட்டிக்கு மாற்றிவிடுகிறான். திரும்பி வரும் அஹ்மது முதலில் எங்கே தேடுவான்? ஐந்து வயதுக் குழந்தை ‘கூடையில்’ என்று சொல்லிவிடும்; அஹ்மதுக்குத் தெரியாது என்பது அதற்குத் தெரியும். காது கேட்கும் பெற்றோருக்குப் பிறந்த காது கேளாக் குழந்தைகளோ, அவர்களினும் மூத்தவர்களாக இருந்தும், பலர் ‘பெட்டியில்’ என்றார்கள். சைகை மொழி பேசும் காது கேளாப் பெற்றோரின் பிள்ளைகளிடம் இந்தப் பின்னடைவு இல்லை என்று பின்னர் வந்த ஆய்வுகள் காட்டின. இருவருக்கும் செவி ஒன்றே. வீட்டு உரையாடல் வேறு. பிறர் மனத்தில் என்ன இருக்கிறது என்று அறிவதற்கு, நினைக்கிறான், மறந்தான், தவறாக எண்ணினான், பொய் சொன்னான் என்னும் சொற்கள் குழந்தையின் முன் நாள்தோறும் புழங்க வேண்டும். நிகராகுவா நாட்டில் 1977-க்குப் பின் பள்ளியில் ஒன்றுகூடிய காது கேளாப் பிள்ளைகள் தமக்குள் புதிதாக ஒரு சைகை மொழியையே படைத்தார்கள். அவர்களில் முதல் தலைமுறையினர், வளர்ந்த பின்னரும் மேற்சொன்ன கேள்வியில் தடுமாறினர். மனத்தின் செயல்களைக் குறிக்கும் சைகைகளை இளையவரிடமிருந்து கற்ற பின்னரே தேறினர் என்று 2009-இல் பையர்ஸ், செங்காஸ் என்னும் ஆய்வாளர்கள் எழுதினர்.

கற்பிக்க முடியுமா என்னும் கேள்விக்கு விடை 1980-களிலேயே கிடைத்துவிட்டது. அமெரிக்காவின் சியாட்டிலில் மார்க் கிரீன்பெர்க், கேரல் குஷே என்போர் காது கேளாக் குழந்தைகளுக்கென்றே ஒரு பாடத்திட்டம் வகுத்தார்கள். அதில் முதல் பாடம் ஓர் ஆமையின் கதை. சினம் வரும்போதெல்லாம் சண்டையிட்டு வருந்திய சின்னஞ்சிறு ஆமைக்கு ஒரு கிழட்டு ஆமை சொல்லித் தருகிறது: ஓட்டுக்குள் போய்விடு, மூச்சை ஆழ இழு, பிறகு வெளியே வந்து உன் மனத்தில் இருப்பதைச் சொல். குழந்தைகள் கைகளை மார்பின் மேல் மடித்து ஆமையாகிப் பழகினார்கள். அடுத்து உணர்ச்சிகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு முகம் வரைந்த அட்டை. மகிழ்ச்சி, சினம், அச்சம் என்று எளியவற்றில் தொடங்கி, பொறாமை, ஏமாற்றம், வெட்கம், குற்ற உணர்வு என்று அரியவற்றுக்குச் செல்லும். எந்த உணர்ச்சியும் தவறில்லை, செயல்தான் சரியாகவோ தவறாகவோ இருக்கும் என்று பயிற்றுவார்கள். அதன்பின் சாலை விளக்கு: சிவப்பில் நில், மஞ்சளில் எண்ணிப்பார், பச்சையில் செய். சினம் வந்த நேரத்தில் ஓதும் பிள்ளையை உட்கார், ஒளூ செய்து வா என்று சொல்லும் உஸ்தாதுகளுக்கு இந்த வரிசை புதியதாகத் தோன்றாது. காது கேளாக் குழந்தைகளிடம் நற்பயன் கண்ட பிறகு அந்தப் பாடத்திட்டம் காது கேட்கும் குழந்தைகளின் பள்ளிகளுக்கும் பரவியது. கொடுத்தவர்கள் யார், பெற்றவர்கள் யார் என்று பாருங்கள்!

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். காது கேளாமை ஒன்றே காரணமாக மொழி தாமதித்த குழந்தை வேறு. சைகையை நன்கு காட்டி வளர்த்தும் மொழியே பிடிபடாத குழந்தை வேறு. இப்படியும் சிலர் உண்டு என்பதை 2010-ஐ ஒட்டி லண்டன் ஆய்வாளர்கள் பிரிட்டிஷ் சைகை மொழிக் குழந்தைகளிடம் காட்டினார்கள். அத்தகைய குழந்தைக்கு நீண்ட அறிவுரை பயன்படாது. நடந்ததைப் படம் படமாக வரைந்து, முதலில் இது, பிறகு இது என்று அடுக்கிக் காட்ட வேண்டும். ஒரு நேரத்தில் ஒரு பழக்கம் போதும். நடித்துக் காட்டி, அவனையும் நடிக்க வைத்து, அதே நாளில் உண்மையான இடத்திலும் செய்ய வைக்க வேண்டும். ஸலாம் சொல்லிக் கை கொடுத்தல், ஒளூச் செய்யும் குழாயருகே முறை காத்தல், பிறருடைய செருப்பையும் தன்னுடையதையும் பிரித்தறிதல். பள்ளிவாசல் வளாகத்தைப் போல இதற்கு வாய்ப்பான இடம் வேறில்லை. தொழுகையே வரிசையில் நிற்பதும், முன்னால் இருப்பவரைக் கண்ணால் பின்பற்றுவதுமாக இருக்கிறது.

நம் பகுதிக்கு மருத்துவ வசதி குறைவில்லை. 1900-இல் ஐடா ஸ்கட்டர் தொடங்கிய பணியிலிருந்து வளர்ந்த வேலூர் சி.எம்.சி. மருத்துவமனை இருக்கிறது. காட்பாடியில், தொழுநோயிலிருந்து குணமானோரின் மறுவாழ்வுக்காக 1960-களில் ஸ்வீடன் நாட்டுச் செஞ்சிலுவைச் சங்கம் ஏற்படுத்திய மையத்திலிருந்து வளர்ந்த வொர்த் அறக்கட்டளை, காது கேளாக் குழந்தைகளைப் பொதுப் பள்ளிக்கு ஆயத்தப்படுத்தும் பள்ளியையும் நடத்தி வந்திருக்கிறது. சிறு குழந்தைகளுக்கு உட்செவிக் கருவி பொருத்தும் அறுவை சிகிச்சைக்கு மாநில அரசின் காப்பீட்டுத் திட்டம் உதவுகிறது. ஆனால் கருவி பொருத்திய மறுநாள் பிள்ளை பேசிவிடும் என்று எண்ணுவோர் உண்டு. ஆண்டுக்கணக்கான பயிற்சி அதன் பின்னர்தான் தொடங்குகிறது. பத்துப் பேர் ஒரே நேரத்தில் பேசும் தஸ்தர்கானில் கருவியும் திணறும். நெருங்கிய உறவில் மணம் முடிக்கும் குடும்பங்களில் பரம்பரைச் செவிட்டுத்தன்மைக்கு வாய்ப்பு மிகுதி என்பதையும், பிறந்த குழந்தைக்குச் செவிச் சோதனை செய்யலாம் என்பதையும் ஜும்ஆ மேடையில் ஒரு முறையேனும் சொன்னால் குற்றமில்லை.

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் சைகை மொழியைக் கருத்துப் பரிமாற்ற வழியாக ஏற்றது. 2015-இல் தில்லியில் நிறுவப்பட்ட இந்தியச் சைகை மொழி ஆய்வு, பயிற்சி மையம், 2018-இல் 3,000 சொற்களோடு ஓர் அகராதியைக் காட்சிப் படங்களாக வெளியிட்டது; 2021-இல் அது 10,000 சொற்களாக விரிந்தது. ஹிதாயாவின் ஆசிரியர் வேண்டிய ‘அறியப்பட்ட’ நிலைக்கு இதைவிட அண்மையில் நாம் என்றும் இருந்ததில்லை. கற்றுக்கொள்ள வேண்டியவர்கள் காது கேட்கும் தாயும் தந்தையும் அண்ணனும் மக்தப் உஸ்தாதும்தான்.

வாய் பேசாத மணமகன் அமர்ந்திருக்கும் நிக்காஹ் மஜ்லிஸுகளை நான் கண்டிருக்கிறேன். மஹர் தொகையைச் சொல்லி, சம்மதமா என்று கேட்கப்படும் கேள்வி அவனுடைய தகப்பனாரை நோக்கிப் போகிறது. அவர் தலையசைக்கிறார், மகனும் அவரைப் பார்த்துத் தலையசைக்கிறான். எதற்கு அசைத்தான் என்று அவனுக்கு எவ்வளவு தெரியும் என்பதை அவையில் எவரும் கேட்பதில்லை. வயது வந்த அவனுடைய சைகையே ஒப்புதல் என்கிறது சட்டம்; சாட்சிகளும் அதனை விளங்கிக்கொள்ள வேண்டும். அவனுடைய சைகைகளை முழுமையாக அறிந்தவர் ஒருவர் பெரும்பாலும் அந்த மண்டபத்தில் இருக்கத்தான் செய்கிறார். இருபது ஆண்டுகளாக அவன் கையைப் படித்து வந்த தாய்தான் அவர். அவர் திரைக்கு அப்பால் பெண்களோடு அமர்ந்திருக்கிறார்.